ராகுகாலம் தெரியும் பட்டுத் தாள்

போன மாதம் கவிதா போன் செய்தாள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் நான் பார்த்துவந்த உதவியாளர் வேலையில் இப்போது இருக்கிற பெண். ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறதாம், ஃபிரிட்ஜ் உயரத்தில். இவ்வளவு சூடு, இவ்வளவு ஈரம் என்று பொத்தானை அமுக்கிவிட்டால், வெளியே அடைமழை பெய்தாலும் உள்ளே சித்திரை மாதமாகவே இருக்குமாம். அதை வைக்க இடம் பண்ணவேண்டும்.

"அக்கா, அந்தப் பழைய கண்ணாடி அலமாரியத் தூக்கிப் போட்டுடலாமான்னு கேக்குறாங்க. உள்ள வரிசையா ஆணி அடிச்சிருக்கே, எதுக்குக்கா? துணி காயப் போட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது.

"ஆணியில கையக் கிழிச்சுக்கிட்டியா? துருப் பிடிச்சிருக்கும்மா. ஊசி போட்டியா?"

"நான் தொடவே இல்லக்கா. கேட்டேன், அவ்வளவுதான்."

கதையை அவளிடம் பாதி சொன்னேன். மீதியை எழுதுங்கள் என்றாள். ஓய்வு பெற்றவர்கள் சங்க மலருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் எட்டாவதோடு நின்றவள். பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். பிழையோடு வந்துவிடுமோ என்று மலர் கைக்கு வரும்வரை நான் கவலைப்படத்தான் போகிறேன், அதற்கு ஒன்றும் செய்யமுடியாது.

வேலைக்குச் சேர்ந்தது பெருக்கித் துடைக்கிற ஆளாக. பிறகு கண்ணாடிச் சாமான் கழுவ விட்டார்கள். பிறகு ஆய்வக உதவியாளர். இதைச் சொல்ல மூன்று வரி போதும். நடக்கப் பல வருஷம் ஆனது. அந்த வருஷங்களில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் பயத்தினால் கற்றதுதான். பிப்பெட் உடையும், ஆசிட் தெறிக்கும், கேஸ் கசியும், குழாய் திறந்தே கிடந்து மறுநாள் ஆய்வகம் குளமாக இருக்கும். வீட்டுக்குக் கிளம்பி வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்க் குழாயைத் தொட்டுப் பார்க்காமல் நான் பஸ் ஏறியதே கிடையாது. கருவிகளைப் பழுது பார்க்கிற கலியமூர்த்தி, "சரோஜாவுக்குப் பாதிச் சம்பளம் வேலைக்கு, பாதிச் சம்பளம் கவலைக்கு" என்பார். அவர் அம்மாப்பேட்டைக்காரர். வாய் ஒருநாளும் சும்மா இருக்காது.

பட்டு வேலைக்கு நான் வந்தது மேடத்தோடு. பேராசிரியர் என்று பலகையில் இருக்கும், எங்களுக்கு மேடம். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லமுடியாது. குரல் உயராது. யாருடைய தட்டையும் கேட்காமல் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். பெருக்குகிற ஆளுக்கும் "வாங்க, சொல்லுங்க"தான். ஆனால் அவர் கேட்கிற ஒரே ஒரு கேள்விக்கு ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாருக்கும் வியர்க்கும். ஏதாவது போய்ச் சொன்னால் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "இது பாத்ததா, நெனச்சதா?" என்பார்.

நான் போய்ச் சொல்வதில் பெரும்பாலும் நினைத்ததுதான் இருக்கும். கரைசல் கெட்டுவிட்டது மேடம், தராசு பழுது மேடம், இன்றைக்குக் கரண்டு போகும் மேடம். அவர் சிரிக்காமல் சொல்வார்: "பயத்த அப்புறம் சொல்லுங்க சரோஜா. நடந்தத மொதல்ல சொல்லுங்க. காலையில இருந்து."

காலையிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால் பாதி பயம் வழியிலேயே உதிர்ந்துவிடும். இதை வீட்டிலும் செய்துபார்த்திருக்கிறேன்.

செய்த வேலை இதுதான். தருமபுரிப் பக்கமிருந்து பட்டுக்கூடு மூட்டையாக வரும். கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, உள்ளே செத்துக் கிடக்கிற புழுவைத் தட்டி எடுக்கவேண்டும். பிறகு சலவைச் சோடா போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்தால் கூட்டைப் பிடித்திருக்கிற பசை கரைந்து போகும். அந்த வாசனையை இங்கே எழுதவேண்டாம் என்று விடுகிறேன். அலசிப் பிழிந்து காயவைத்தால் பஞ்சுபோல இருக்கும். அதை ஒருவகை உப்புக் கரைசலில் போட்டு மெல்லிய சூட்டில் வைத்தால், நம்பமாட்டீர்கள், புடவைக்கடையில் பார்க்கிற அந்தப் பட்டு, தேன் மாதிரி கரைந்துவிடும். அதைச் சவ்வுக் குழாயில் ஊற்றி, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டால், பள்ளிக்கூட வாசலில் விற்கிற பாக்கெட் ஐஸ் மாதிரி இருக்கும். வாலைவடி நீரில் மிதக்கவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினால் உப்பெல்லாம் வெளியேறி, குழாயில் சுத்தமான பட்டுப் புரதம் மட்டும் நிற்கும்.

இந்தக் கரைசலை ஆட்டக்கூடாது. அதிகம் ஆட்டினாலும், சூடு பட்டாலும், நாள் கடந்தாலும் உறைந்துவிடும். உறைந்தது உறைந்ததுதான், திரும்பக் கரையாது.

இன்னொரு பக்கம் பி.வி.ஏ. அது செயற்கைப் பாலிமர். பசையிலும் துணிக் கஞ்சியிலும் சேருகிற சரக்கு. வெள்ளை ரவை மாதிரி இருக்கும். பச்சைத் தண்ணீரில் தூவிவிட்டு, கிளறிக்கொண்டே சூடேற்றவேண்டும். சுடுதண்ணீரில் கொட்டினால் உப்புமாக் கட்டி மாதிரி கட்டி விழும். இரண்டையும் கலந்து, குமிழி வராமல் தட்டில் ஊற்றி, தண்ணீர் வற்றவிட்டால் மெல்லிய தாள் மாதிரி ஒரு ஃபிலிம் உரிந்து வரும். தீக்காயத்துக்கும் புண்ணுக்கும் மேலே போடுவதற்கு. பட்டுக்குத் தசையோடு ஒத்துப்போகிற குணம் இருக்கிறது, ஆனால் காய்ந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். பி.வி.ஏ. நன்றாக வளையும், அதற்கு அந்தக் குணம் இல்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் நல்லது. சேருமா, சேராதா? அந்த ஆய்வகத்தில் பல பேர் பல வருஷம் உட்கார்ந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

சேர்ந்ததா என்று சொல்லப் பெரிய கருவிகள் உண்டு. ஆனால் முதல் சோதனை சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டர். கிழித்த தாளை மேஜைமேல் வைத்து, அதன்மேல் ஃபிலிமைப் போட்டுப் பார்ப்போம். கீழே பொடி எழுத்தில் இருக்கிற ராகுகாலம் படிக்க வந்தால் ஃபிலிம் தெளிவு. இரண்டும் பிரிந்துபோயிருந்தால் ஃபிலிம் பால் மாதிரி மங்கியிருக்கும், பெரிய தேதிகூடத் தெரியாது. "ராகுகாலம் தெரியுதா?" என்று கேட்பது எங்கள் ஆய்வகத்தில் நல்ல வார்த்தை.

ஆட்டக்கூடாது என்றேனே, அதை நான் படித்தது பஸ்ஸில். அதிராம்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்குச் செய்துகாட்ட மேடத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். துறை வேன் பழுது. பட்டுக் கரைசலை ஐஸ் பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஒரத்தநாடு தாண்டியதும் ரோட்டு வேலை. பஸ் குதித்த ஒவ்வொரு குதிக்கும் நான் பெட்டியைத் தூக்கிப் பிடித்தேன், பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி. "பாட்டிலா அக்கா?" என்று கண்டக்டர் கேட்டார். பட்டு என்றேன். அவர் நம்பவில்லை.

கல்லூரியில் திறந்தால் கரைசல் அசையவில்லை. பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழவில்லை. முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், கடல்பாசி!" என்றாள். நோன்பு மாதம் அது. வகுப்பே சிரித்தது, பாதிப் பேர் வீட்டில் சாயங்காலம் நோன்பு திறக்கக் கடல்பாசி இனிப்பு காய்ச்சி ஊற்றி உறைந்துகொண்டிருந்திருக்கும்.

மேடமும் சிரித்தார். "கடல்பாசியேதான். காலையில தண்ணியா இருந்துச்சு. ஏன் உறைஞ்சுது? சொல்லுங்க பாப்போம்" என்றார். ஃபிலிம் செய்துகாட்ட வந்தவர், ஃபிலிமை மறந்துவிட்டு, உறைந்ததைப் பற்றியே பாடம் நடத்தி முடித்தார். திரும்பி வரும்போது நான் அழாத குறையாக, "நான் சரியாப் பிடிக்கலீங்க மேடம்" என்றேன். "பஸ்ஸ நீங்களா ஓட்டுனீங்க?" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சே இல்லை.

கடல்பாசி என்று கத்திய பெண்தான் பர்வீன். கூத்தாநல்லூர்ப் பெண், அதிராம்பட்டினத்தில் விடுதியில் தங்கிப் படித்தவள். படிப்பு முடித்து, கல்யாணமாகி, ஒரு பையனும் பிறந்த பிறகு எங்கள் மேடத்திடமே ஆராய்ச்சிக்கு வந்தாள். வீட்டுக்காரர் குவைத்தில். பையனை மாமியார் பார்த்துக்கொண்டார். தினம் பஸ்ஸில் வந்து போவாள். கேலி, சிரிப்பு, வேலை மூன்றும் ஒன்றாக நடக்கும் அவளிடம். என் கவலைகளைக் கேட்டுவிட்டு, "சரோஜாக்கா, நீங்க எனக்கும் சேத்துப் பயந்துக்குங்க, நான் ஃபிலிம் ஊத்துறேன்" என்பாள்.

ஒரு கோடையில் அவள் ஊற்றிய ஃபிலிமெல்லாம் தெளிவாக வந்தது. எல்லாவற்றிலும் ராகுகாலம் தெரிந்தது. பட்டும் பி.வி.ஏ.வும் சேர்கிறது என்று ஆராய்ச்சிக் கமிட்டியில் சொன்னாள். ஒருவர் மட்டும், "இன்னொரு தடவை செய்துவிட்டு எழுதுங்கள்" என்றாராம். அவ்வளவுதானே என்று வந்து மறுபடி ஊற்ற ஆரம்பித்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மழைக்காலத்தில் ஊற்றிய ஒன்றுகூடத் தெளியவில்லை. அதே கூடு, அதே உப்பு, அதே தட்டு, அதே கை. தட்டில் மோர் ஊற்றிக் காயவைத்த மாதிரி இருந்தது. பர்வீனுக்கு ஆராய்ச்சிக் காலம் முடிந்து, நீட்டிப்பும் வாங்கியாயிற்று. பொங்கலுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. இத்தனை வருஷம் பஸ்ஸில் வந்து போனதெல்லாம் போனதுதான். அவள் சிரிப்பது குறைந்தது. எனக்கு அது அடுப்பை அணைக்காமல் வந்ததைவிடப் பெரிய பயமாக இருந்தது.

அந்த நிலைமையில் ஆயுதபூஜை வந்தது. ஆய்வகங்களில் எப்படிக் கொண்டாடுவோம் என்று மலர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். விடுமுறைக்கு முந்தைய வேலைநாளில் கருவியெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவது. தராசுப் பக்கம் சாம்பிராணி கொண்டுபோகக்கூடாது என்பது மட்டும் மேடத்தின் சட்டம். கலியமூர்த்தி வருஷா வருஷம் சீரியல் பல்பு கட்டுவார். கடைகளில் எல்.இ.டி. வந்து எவ்வளவோ நாளாகியும் அவர் பழைய பல்புகளைத்தான் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். தொட்டால் சுடுகிற ரகம்.

"எல்.இ.டி.யில வெளிச்சம் இருக்கு, பக்தி இல்ல" என்பார்.

அந்த வருஷம் அவர் கண் கண்ணாடி அலமாரிமேல் விழுந்தது. உள்ளே பல்பு கட்டினால் கோயில் மாதிரி இருக்கும் என்று, அலமாரிக்குள் ஆணி அடித்து மூன்று அடுக்கிலும் மாலை மாலையாகத் தொங்கவிட்டார். ஃபிலிம் காய்கிற அலமாரி அது. பர்வீன் அன்று மத்தியானம் பி.வி.ஏ.வைக் கொஞ்சத்திலிருந்து அதிகம்வரை அளவு மாற்றி மாற்றி ஒரு வரிசை ஊற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தாள். "தட்டு இருக்கு, பாத்துக் கட்டுங்க" என்றேன். "நான் என்ன தட்டுலயா கட்டுறேன்? மேலதான கட்டுறேன்" என்றார்.

மறுநாள் காலை வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறி தட்டியது. கலியமூர்த்தி பல்பை அணைத்தாரா? போன் போட்டேன், எடுக்கவில்லை. மர அலமாரி, சுடுகிற பல்பு, பூட்டிய ஆய்வகம். உள்ளே ஸ்பிரிட் வேறு இருக்கிறது. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, எங்கள் வீட்டுக்காரர், "நீ போய் ஒரு தடவ பாத்துட்டு வந்துடு சரோஜா. இல்லன்னா சரஸ்வதிக்குப் படைக்கிற சுண்டல்ல உப்புக்குப் பதில் கண்ணீர்தான் இருக்கும்" என்றார்.

கரந்தையிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். காவலாளியிடம் சாவி வாங்கித் திறந்தால், இருட்டு ஆய்வகத்தின் மூலையில் அலமாரி மட்டும் சிவப்பும் பச்சையுமாக ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருக்கிறது. முதலில் சுவிட்சை அணைத்தேன். கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து வெதுவெது என்று காற்று முகத்தில் அடித்தது. மழை நாளில் இரண்டு மூன்று நாள் சொதசொதவென்று கிடக்கிற ஃபிலிமெல்லாம் ஓரம் சுருண்டு, காய்ந்து கிடந்தன. பர்வீனின் கடைசி வரிசையும் தீய்ந்தது என்றுதான் முடிவு கட்டினேன். ஒன்றை எடுத்துக் காலண்டர் தாள்மேல் வைத்தேன். ராகுகாலம் தெரிந்தது. இன்னொன்றை வைத்தேன். அதிலும் தெரிந்தது.

மேடத்துக்குப் போன் செய்தேன். பூஜைப் பலன் என்று ஆரம்பித்தவளை அவர் நிறுத்தி, காலையிலிருந்து சொல்லச் சொன்னார். சுண்டலிலிருந்து சொன்னேன்.

"பல்ப அணைச்சிட்டீங்களா?"

"மொதல் வேலையா அதத்தான் செஞ்சேன் மேடம்."

"சரி. உள்ள ஒரு தெர்மாமீட்டர வச்சிட்டு மறுபடி போடுங்க. நான் வர்றேன்."

அணைத்த பல்பை மறுபடி போடச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? போட்டுவிட்டு, மேடம் வரும்வரை வாளித் தண்ணீரோடு அலமாரிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

விடுமுறை முடிந்து வந்த பர்வீன், ஃபிலிம்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். கலியமூர்த்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"எல்லாம் சரஸ்வதி கடாட்சம்மா."

"எனக்குமா அண்ணே?"

"சரஸ்வதி என்ன, ஆதார் கார்டா கேக்கப் போகுது? உன் தீசிஸ்ல என் பேரையும் போட்டுடு."

பர்வீன் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது! உடனே இரண்டு வரிசை ஊற்றினாள். ஒன்று பல்பு அலமாரிக்குள், ஒன்று வெளியே மேஜைமேல். உள்ளே வைத்தது தெளிந்தது. வெளியே வைத்தது மங்கியது. திரும்பச் செய்தாள், அதே மாதிரி. எனக்குப் புரிகிற மாதிரி அவளே சொன்னாள்: தண்ணீர் மெதுவாக வற்றினால் பட்டு பட்டோடும், பி.வி.ஏ. பி.வி.ஏ.வோடும் நகர்ந்து ஒதுங்க நேரம் கிடைக்கிறது. வேகமாக வற்றினால் ஒதுங்க நேரமில்லை, நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்கிறது. கலியமூர்த்தி இன்னும் ஒரு வரிசை ஆணி அடித்தார். அலமாரி நிறையத் தெளிந்த ஃபிலிம். எழுத வேண்டியதுதான் பாக்கி. எனக்கு அந்த வாரம் நல்ல தூக்கம் வந்தது.

மேடம் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாத் தட்டையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தெளிவா இருக்கு. சேந்திருக்கா பர்வீன்?"

"தெளிவா இருக்கே மேடம்."

"ஒதுங்க நேரமில்லாம நிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. நேரம் குடுத்தா?"

பர்வீன் கையிலிருந்த தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"கீழ தண்ணி ஊத்தின டப்பாவுல, தண்ணி படாம ஃபிலிம மேல தொங்கவிட்டு மூடி வச்சா, ஈரம் ஏறும். அப்பவும் தெளிவா இருந்துச்சுன்னா சேந்திருக்கு."

"மங்கிடுச்சுன்னா?"

"மங்கிடுச்சுன்னு எழுதணும்."

"மேடம், பொங்கலுக்குள்ள குடுக்கணும். கோடையில சேருதுன்னு கமிட்டியில சொல்லிட்டேன். இப்ப எல்லாத்தயும் மாத்தி எழுதுறதுக்கு நாள் இல்ல மேடம். இது இப்படியே போகட்டுமே."

மேடம் நிமிர்ந்தார். "உங்க ஆய்வேடு பர்வீன். தெளிவா வந்துச்சுன்னு நீங்க எழுதுனா அதுல பொய் இல்ல. கையெழுத்துப் போட்டுத் தர்றேன். முடிவு உங்களோடது" என்றுவிட்டு அறைக்குப் போய்விட்டார். அவர் கோபித்துக்கொண்டும் போகவில்லை, மனசைக் கரைக்கவும் பார்க்கவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

"நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"போட்டுப் பாக்காத பர்வீன். நல்லா வந்திருக்கு. கெடுத்துக்காத" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"நானும் அதான் நெனக்கிறேன்." சோற்றை விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "ஆனா நாளைக்கு வேற எவனாவது போட்டுப் பாத்துடுவானோன்னு இருக்கும்லக்கா. மழ பேஞ்சா அவன் ஞாபகம்தான் வரும். எங்கயாச்சும் இத வச்சுக் கட்டுப் போட்டாங்கன்னா, உள்ள என்னாச்சோன்னு இருக்கும். பட்டம் வாங்கிட்டு ஆயுசு முழுக்கப் பயந்துக்கிட்டே இருக்கணும்."

பயந்துகொண்டே இருப்பது எப்படி என்று அந்த ஆய்வகத்தில் என்னைவிடத் தெரிந்தவர் யார்? வாசலிலிருந்து திரும்பிப் போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தால் என் பயம் தீர்ந்துவிடும். தொட்டே பார்க்கமுடியாத குழாயாக ஒன்றை இந்தப் பெண் கூடவே கட்டிக்கொண்டு போகப்போகிறாளே என்று இருந்தது.

"அப்படின்னா இப்பவே போட்டுடும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். டப்பாவை மூடினாள். "தண்ணி எடுத்துட்டு வாங்கக்கா" என்றாள்.

புது ஃபிலிம்களை மட்டுமல்லாமல், ஈரம் படாமல் பூட்டி வைத்திருந்த கோடைகால ஃபிலிம்களையும் அவளே எடுத்துத் தொங்கவிட்டாள். கேட்டதற்கு, "போறதுன்னா எல்லாம் போகட்டும்" என்றாள். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் ஆகவில்லை. கலியமூர்த்தி போகும்போதும் வரும்போதும், "நான் சொல்லல? கட்டுனது யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கடுத்த காலையில் ஓரத்தில் லேசாகப் பனி படிந்த மாதிரி ஒரு கோடு. துடைத்தால் போகிற பனி என்று நினைத்தோம். அது உள்ளே இருந்தது. சாயங்காலத்துக்குள் நடுவரை வந்துவிட்டது. கோடையில் செய்ததும் மங்கியது, பல்பில் காய்ந்ததும் மங்கியது. காலண்டர் தாளில் தேதிகூடத் தெரியவில்லை. அன்றைக்குக் கலியமூர்த்தி பேசவில்லை. அவர் பேசாமலிருந்து நான் பார்த்த ஒரே நாள் அதுதான்.

பர்வீன் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். ஒவ்வொன்றாகக் கிடுக்கியில் எடுத்து மேஜைமேல் வரிசையாக அடுக்கினாள். கடைசியில் ஒன்றை வைத்தவள், திரும்ப எடுத்தாள். தாள்மேல் போட்டாள். என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, படிங்க."

படித்தேன். பொடி எழுத்து முழுக்கப் படிக்க வந்தது.

பி.வி.ஏ. ரொம்பக் கொஞ்சமாகச் சேர்த்த ஃபிலிம் அது. மற்றவை அளவுக்கு வளையாது, அதனால் யாரும் அதைப் பெரிதாக மதித்ததில்லை. வரிசைக்கு ஒன்று ஊற்றவேண்டுமே என்று கோடையிலும் ஆயுதபூஜைக்கும் ஊற்றியது; மழையில் மேஜைமேல் காயவைத்ததெல்லாம் நன்றாக வளைகிற அளவுகள்தான். கோடை வரிசையில் தேடினோம். அதிலும் அந்த அளவு மட்டும் மங்காமல் நின்றிருந்தது. பர்வீன் மேடத்தின் அறைக்கு ஓடினாள். நான் ஃபிலிம்மேல் மின்விசிறிக் காற்றுப் படாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

மேடம் வந்து குனிந்து பார்த்தார். "தொடலாமா?" என்று பர்வீனைக் கேட்டுவிட்டு எடுத்து மெல்ல வளைத்தார். நொறுங்கவில்லை. கொஞ்சம்தான் வளைந்தது, ஆனால் வளைந்தது. "இத இன்னும் மூணு தடவ ஊத்துங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. போகும்போது முகம் மலர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு பொங்கல்வரை நடந்ததை எழுதினால் மலர் கொள்ளாது. எழுதியதையெல்லாம் பிரித்து எழுதினாள். சேர்கிறது என்று இருந்த இடத்திலெல்லாம், கொஞ்சமாக இருந்தால் சேர்கிறது, அதிகமானால் சேர்ந்த மாதிரி நிற்கிறது, நேரமும் ஈரமும் கிடைத்தால் பிரிகிறது என்று எழுதினாள். பையனுக்குக் காய்ச்சல் வந்தது, மாமியார் பார்த்துக்கொண்டார். குவைத்திலிருந்து அவள் வீட்டுக்காரர் தினம் போனில், "எத்தனாவது பக்கம்?" என்று கேட்பாராம். நான் ஊற்றவேண்டிய தண்ணீரை ஊற்றி, கொதிக்கவேண்டியதைக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். கெடு முடிவதற்கு முன்பே கொடுத்துவிட்டாள்.

வாய்மொழித் தேர்வு சித்திரையில் நடந்தது. கருத்தரங்கக் கூடம் நிறைய ஆள். தேர்வாளர் வடக்கேயிருந்து வந்தவர், பேச்சு முழுக்க இங்கிலீஷ். பர்வீனின் மாமியார், பேரனை மடியில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீ பிளாஸ்கோடு நான். எங்கள் இரண்டு பேருக்கும் சமமாகத்தான் புரிந்தது. தேர்வாளர் ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏதோ கேட்டார். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்; அவர் கை என் கையைவிட ஜில்லென்று இருந்தது. பிறகு பர்வீன் என்னவோ சொன்னாள், கூடமே சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார்.

பிறகு மேடம் சொன்னார். "நீங்க சொன்னதை நீங்களே உடைச்சிருக்கீங்களே, யார் உங்களை ஈரத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னது?" என்று தேர்வாளர் கேட்டாராம். "எங்க ஊர்ல யாரும் சொல்லவே வேண்டாம் சார், வருஷத்துல பாதி நாள் ஈரத்துலதான் இருக்கோம்" என்றாளாம்.

பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன் என்று அவர் எழுந்து படித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். மாமியார் தட்டவில்லை. என் பக்கம் குனிந்து, "பாஸாம்மா?" என்றார்.

"பாஸுங்க."

"சேரலன்னுல சொன்னா? எனக்கு அந்த ஒரு இங்கிலீசு வார்த்ததான் வெளங்குச்சு, வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பா. சேராததுக்கு எப்படிப் பாஸ் போட்டாங்க?"

"எது வரைக்கும் சேரும், எதுக்கு மேல சேராதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. அதுக்குத்தான்."

"இத இங்கிலீசுல சொல்றதுக்கா இம்புட்டு நேரம்?" என்றார். பேரனை என் மடியில் மாற்றிவிட்டு எழுந்தார். பொன்னாடையும் பூங்கொத்துமாகப் பெரியவர்கள் சூழ்ந்துகொண்டு நின்ற இடத்துக்கு நேராக நடந்துபோய், நடுவில் புகுந்து, பர்வீனின் முகத்தைத் தன் முக்காட்டு முனையால் துடைத்தார்.

"காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. படிச்சது போதும், வா, சாப்புடு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். தேர்வாளர் விலகி வழி விட்டார். டாக்டர் பர்வீன் பொன்னாடை தோளில் தொங்க, மறு பேச்சுப் பேசாமல் பின்னாலேயே வந்தாள்.